முதலில் பயில வேண்டியவர் ஆசிரியரே

1978 ஜூன் 11. கனடாவின் ஒன்ராறியோ - கியூபெக் எல்லையிலுள்ள ரிமிஸ்காமிங் ஏரியில் பாடசாலையொன்றின் 27 மாணவரும் 4 ஆசிரியரும் நான்கு கனூ வள்ளங்களில் ஜேம்ஸ் விரிகுடாவை நோக்கிப் புறப்பட்டனர். முதலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. பின்னர் வேறு வள்ளங்களும் கவிழ்ந்தன. குளிர்நீரில் உடல் வெப்பத்தை இழந்து 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர்.

கடும் பயணம் பிள்ளைகளின் மனவுறுதியை வளர்க்கும் என்பது அப்பாடசாலையின் நம்பிக்கை. ஆனால், அழைத்துச் செல்பவரின் தேர்ச்சியே அவர்களின் உயிர்க்காப்பு. இதை முன்னரே உணர்ந்தவர் அமெரிக்க மலையேறி போல் பெற்சோல்ட். வனாந்தரப் பயணங்களை வழிநடத்தத் தேர்ந்த ஆசிரியர்கள் போதாமையைக் கண்டு, 1965இல் வயோமிங்கில் அவர்களுக்கான பயிற்சிப் பள்ளியை அவர் நிறுவினார்.

பலநாள் துடுப்பு வலித்து, குளிர்நீரில் கவிழ்ந்து மீண்டு, காற்றெழும் வேளையில் கரையிலே காத்திருக்கவும் கற்றவரிடமே பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.