யூ யாங்ஸ் கருங்கல் சிகரமும் ஜியோகேச்சிங் விளையாட்டின் முன்வரலாறும்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் மறைத்துவைத்த சிறு பெட்டியை அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் வெளிப்புற விளையாட்டு ஆகும். பெட்டிக்குள் ஒரு பதிவேடு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே மறைத்துவைக்க வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான வேறொன்றை வைக்க வேண்டும்.

இவ்விளையாட்டு 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது என்பர். தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், தொலைவான ஓர் இடத்தில் பெயரை எழுதி மறைத்துவைத்து, பின்னால் வருபவருக்காக விட்டுச்செல்லும் வழக்கம் மிகப் பழையது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஒரு கருங்கல் சிகரம் அதற்கு நல்ல சான்று.

யூ யாங்ஸ் மலை

மெல்போர்ன் நகருக்குத் தென்மேற்கே சுமார் 55 கி.மீ. தொலைவில், சமவெளியின் நடுவே திடீரென எழுந்து நிற்கும் கருங்கல் குன்றுகளே யூ யாங்ஸ் ஆகும். இதன் உயரமான முனை சுமார் 320 மீட்டர்தான். சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

ஏறக்குறைய 36 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து இக்கருங்கல் உருவானது. மேலே மூடியிருந்த பாறைகள் காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட்டதால் இது வெளியே தெரிந்தது. வெடிப்புகள் வழியே மழைநீர் புகுந்து பாறையின் விளிம்புகளைத் தேய்க்க, உருண்டைப் பாறைகளும் அவற்றுக்கிடையே எண்ணற்ற பொந்துகளும் உண்டாயின.

இம்மண்ணின் பழங்குடியினர் வாதவுரங் மக்கள் ஆவர். மலையின் பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே; சமவெளியின் நடுவே உள்ள பெரிய மலை என்பது அதன் பொருள். பாறையில் இயற்கையாக அமைந்த குழிகளைப் பெரிதாக்கி, அவற்றில் மழைநீரைத் தேக்கி அவர்கள் பயன்படுத்தினர்.

1802 மே 1

ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபிளிண்டர்ஸ், 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற கப்பலில் ஆஸ்திரேலியக் கடற்கரையை அளந்துவந்தார். 1802 ஏப்ரல் இறுதியில் போர்ட் பிலிப் விரிகுடாவுக்குள் நுழைந்த அவர், மே 1 அன்று படகோட்டிகள் மூவருடன் சமவெளியைக் கடந்து யூ யாங்ஸ் உச்சியை அடைந்தார். அங்கிருந்து சுற்றுப்புறத்தின் முக்கிய இடங்களுக்குக் கோணங்களை அளந்தார். நில அளவைக்குரிய நிலையமாகப் பயன்பட்டதால் அதற்கு 'ஸ்டேஷன் சிகரம்' என்று பெயரிட்டார். 1912 இல் அது 'ஃபிளிண்டர்ஸ் சிகரம்' எனப் பெயர் மாற்றப்பட்டது.

கீழே இறங்குமுன் ஃபிளிண்டர்ஸ் செய்த ஒரு காரியமே இக்கட்டுரைக்கு முக்கியம். தம் கப்பலின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சுருட்டி, உச்சியில் சிறு கற்குவியல் ஒன்றை அமைத்து அதனுள் வைத்தார். எழுத்துக் குறிப்பு, மறைவிடம், பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ஒருவர் என இன்றைய விளையாட்டின் மூன்று உறுப்புகளும் அன்றே அங்கு இருந்தன.

அவருக்கு முன்னும் பின்னும்

இது ஃபிளிண்டர்ஸ் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் அன்று. 1616 அக்டோபரில் டச்சு மாலுமி டிர்க் ஹார்டோக், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரத் தீவொன்றில் இறங்கினார். தம் வருகையை ஓர் உலோகத் தட்டில் பொறித்து, அதைக் கம்பத்தில் அடித்துவைத்துச் சென்றார். 81 ஆண்டுகளுக்குப் பின், 1697 இல் அங்கு வந்த வில்லம் டி விளாமிங் அதைக் கண்டெடுத்தார். பழைய வாசகத்தைப் புதிய தட்டில் படியெடுத்து, அதன்கீழ்த் தம் வருகையையும் சேர்த்துப் பொறித்து, அதே இடத்தில் நிறுத்தினார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்ற விதியை அவர் அறியாமலே கடைப்பிடித்தார் எனலாம். ஹார்டோக்கின் தட்டு இன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தேடியும் கிடைக்காமல் போனதுண்டு. 1791 இல் ஜார்ஜ் வான்கூவர், ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் உள்ள கிங் ஜார்ஜ் சவுண்ட் பகுதியில், தம் வருகைக் குறிப்பைப் புட்டியில் இட்டு வைத்திருந்தார். பத்தாண்டுகள் கழித்து அங்கு வந்த ஃபிளிண்டர்ஸின் குழுவினர் அதைத் தேடி ஏமாந்தனர். அந்த ஏமாற்றத்துக்குச் சில மாதங்களுக்குப் பின்னரே யூ யாங்ஸ் உச்சியில் அவர் தம் தாளை வைத்தார்.

இவ்வழக்கத்தைப் பொழுதுபோக்காக மாற்றியது இங்கிலாந்தின் டார்ட்மூர். இதுவும் கருங்கல் மேட்டுநிலமே. 1854 இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அங்குவரை நடந்து சென்றவர்கள் தம் முகவரி அட்டையை அதில் இட்டுத் திரும்பினர். இதிலிருந்தே 'லெட்டர்பாக்சிங்' என்ற பொழுதுபோக்கு வளர்ந்தது.

2000 இல் நிகழ்ந்த மாற்றம்

பழைய வழக்கத்தில் இருந்த குறை, இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாமையே. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வந்த பின்னும் அக்குறை நீங்கவில்லை. பொதுமக்களுக்கான சைகையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மழுங்கடித்ததால், காட்டப்படும் இடம் 100 மீட்டர்வரை பிசகக்கூடும். இத்தடையை நீக்குவதாக அதிபர் பில் கிளிண்டன் 2000 மே 1 அன்று அறிவித்தார். ஃபிளிண்டர்ஸ் மலையேறிய அதே தேதி என்பது தற்செயலே.

பிழை ஏறத்தாழ 10 மீட்டராகக் குறைந்தது. இதன் பயனை எளிய கணக்கால் அறியலாம். 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 31,400 சதுர மீட்டர். 10 மீட்டர் ஆரம் என்றால் 314 சதுர மீட்டர் மட்டுமே. அதாவது, தேட வேண்டிய பரப்பு நூறில் ஒன்றாகச் சுருங்கியது. பொந்துகள் நிறைந்த கருங்கல் உச்சியில் இதுவே தேட முடியாமைக்கும் தேட முடிவதற்கும் உள்ள வேறுபாடு.

மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து அருகே ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் இருப்பிட அளவுகளை இணையத்தில் வெளியிட்டார். மூன்று நாள்களுக்குள் இருமுறை அது கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரும், செப்டம்பரில் அதற்கான இணையத்தளமும் வந்தன.

அடையாளமும் உரிமையும்

ஓர் இடத்தில் பெயரை விட்டுச்செல்வதற்கு இரு பொருள் உண்டு. 'இங்கு வந்தேன்' என்பது ஒன்று. 'இது என்னுடையது' என்பது மற்றொன்று. போர்ட் பிலிப் விரிகுடாவைத் தாமே முதலில் கண்டதாக ஃபிளிண்டர்ஸ் எண்ணியிருந்தார். ஆனால் சில வாரங்களுக்கு முன்பே 'லேடி நெல்சன்' கப்பலில் வந்த ஜான் மரே, அப்பகுதி பிரிட்டிஷ் மன்னருக்கு உரியது என அறிவித்துக் கொடியேற்றியிருந்தார். இருவருக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அங்கு வாழ்ந்த வாதவுரங் மக்கள் எந்தத் தாளையும் வைக்கவில்லை. அவர்களின் பதிவேடு நீர்க்குழிகளும் மலையின் பெயருமே. தாளில் எழுதியதை மட்டுமே சான்றாகக் கொள்ளும் வரலாறு, இத்தகையோரை விட்டுவிடுகிறது.

இன்றைய விளையாட்டு முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. பெட்டியை முதலில் காண்பவருக்கும் ஆயிரமாவதாகக் காண்பவருக்கும் ஒரே பதிவேடுதான். ஆயினும், பலர் தேடும்போது பாறைமேல் வளரும் பாசியும் செடிகளும் மிதிபடுகின்றன. இதற்கு விடையாகப் பெட்டியே இல்லாத 'எர்த்கேச்' முறை வந்தது. அளவுகளைக் கொண்டு இடத்தை அடைந்து, அங்குள்ள பாறையையும் நிலத்தோற்றத்தையும் கவனித்து, கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையளித்தால் போதும். இதில் முதலாவது, 2004 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அமைந்தது.

ஃபிளிண்டர்ஸ் சிகரத்துக்கு இன்று சுமார் 450 படிகள் கொண்ட பாதை உண்டு, போய்வர 3.2 கி.மீ. நடக்க வேண்டும். உச்சியிலிருந்து நோக்கினால் விரிகுடா தெரியும். கீழே, வாதவுரங் மக்களின் படைப்புத் தெய்வமான பஞ்சில் என்னும் கழுகின் உருவம், 100 மீட்டர் சிறகுவிரிப்புடன் கற்களால் 2006 இல் அமைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கு ஒரு தாளை மறைத்துவைத்தவரின் பெயர் சிகரத்துக்கு வந்தது. மலைக்கோ, தாளே தேவைப்படாதவர்கள் இட்ட பெயர்தான் இன்றும் வழங்குகிறது.