துரைக்கு ஒரு எலுமிச்சம்பழம்

கிறிஸ்துமஸ் பரிசு என்றால் இன்று நமக்குக் கேக், கீ-செயின், வாழ்த்து அட்டை. வெள்ளைக்காரர் காலத்தில், துரைக்கு என்ன கொடுப்பது என்பது பிழைப்புப் பிரச்சினை!

வடக்கே கிறிஸ்துமஸுக்குப் பழம், பூ, இனிப்பு அடுக்கிய தட்டு துரை வீட்டுக்குப் போகும். 'டாலி' என்பார்கள். பழத்துக்கு அடியில் என்ன இருந்ததோ, யார் கண்டது?

கம்பெனி அதிகாரிகள் பரிசு வாங்க 1773 ஒழுங்குமுறைச் சட்டமே தடை போட்டது. நம் சேலம் கம்பெனி கைக்கு வந்தது 1792-ல்தான். ஆக, முதல் கலெக்டர் அலெக்சாண்டர் ரீட் வரும்போதே தடை இருந்தது. ஆனால் பண்டிகை நாளில் பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்ப்பது நம் ஊரில் மரியாதையா?

அதற்குத்தான் தமிழ்நாட்டு வழி: புத்தாண்டன்று அதிகாரிக்கு ஓர் எலுமிச்சம்பழம். காமர்ஸ் மாணவனாகச் சொல்கிறேன், கணக்கில் எழுதும் அளவுக்கு அதற்கு மதிப்பில்லை, மறுக்கவும் முடியாது. பண்ணைக்காரர் நீட்டினாலும் பியூன் நீட்டினாலும் அதே பழம்தான்.