ஃபோர்வீல் வண்டியின் ஸ்டீரிங் உதறுகிறதா? டேம்பரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவரும், செம்பனைத் தோட்டத்தில் ஓடும் சுசுகி ஜிம்னியும் வேலை நேரத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவது அபூர்வம். அதனால் முன்பக்கத் தேய்மானம் வெளியே தெரிவதில்லை. தாப்பாவிலோ சிம்பாங் பூலாயிலோ இறங்கி நெடுஞ்சாலையில் ஏறி, 70, 80 வேகத்தில் பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஒரு தட்டு தட்டும்போதுதான் தெரியும். ஸ்டீரிங் இடமும் வலமுமாகப் படபடவென்று உதறும். வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காது.

அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கட்டை விரல்கள் ஸ்டீரிங் கம்பிகளுக்கு உள்ளே இருக்கக்கூடாது. அது சுழன்று அடித்தால் விரல் போய்விடும். வேகம் குறைந்ததும் சிக்னல் போட்டு ஓரம் கட்டுங்கள்.

சாதாரண காரில் இரண்டு முன்சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். இந்த வண்டிகளில் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலில் இருக்கின்றன. ஒரு சக்கரம் அடி வாங்கினால் மற்றதும் ஆடும். இடையில் ஏதேனும் லூஸாக இருந்தால் அந்த ஆட்டம் அடங்காமல் பெருகும். 1930களின் ஃபோர்டு கார்களை வைத்து அமெரிக்கர்கள் கட்டும் ஹாட் ராட் வண்டிகளுக்கும் இதே வியாதி உண்டு.

முதலில் டயர். தோட்டத்து வண்டியில் ரிம்மின் உட்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் பேலன்சிங் செய்வது வீண். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் லேசாக நடுங்கி, அதைத் தாண்டினால் அடங்கிவிடும் என்றால் பெரும்பாலும் பேலன்சிங்தான் காரணம். மேட்டில் தட்டியதும் பேயாட்டம் ஆடினால் விஷயம் வேறு.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றவர் டை ராட் முனைகள், ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட்டுகள், புஷ்கள் ஒவ்வொன்றிலும் கைவைத்துப் பார்க்கட்டும். சேஸிஸ் அசையாமல் மூட்டு மட்டும் துள்ளினால் குற்றவாளி அதுதான். 1998க்குப் பின் வந்த காயில் ஸ்பிரிங் ஜிம்னியில், ஆக்சிலைக் குறுக்கே பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடின் புஷ்களைத் தவறாமல் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஷாக்கிள் புஷ்கள்.

அடுத்தது கிங் பின். ஜேக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? இப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் பேரிங். காசில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே சாமான் மாற்றும் பட்டறைகள் உண்டு. எனவே நீங்களே முதலில் செய்துவிட்டுப் போவது நல்லது.

பலர் நேராக ஸ்டீரிங் டேம்பரைத்தான் மாற்றுகிறார்கள். புதிது போட்டதும் உதறல் நின்றுவிடும். ஆனால் லூஸான மூட்டு அப்படியே இருக்கும், தேய்ந்துகொண்டே போகும். சில மாதங்களில் டேம்பர் தளர்ந்ததும் உதறல் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரலாம். டேம்பர் கடைசியாகத் தொட வேண்டிய சாமான்.

எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தும் ஆடினால், வண்டியை உயர்த்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். காயில் ஸ்பிரிங் வண்டியை உயர்த்தும்போது ஆக்சில் சற்றுத் திரும்பி, காஸ்டர் கோணம் குறையும். சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது அந்தக் கோணம்தான். திருப்பத்துக்குப் பின் ஸ்டீரிங் சோம்பலாகத் திரும்பி வருவது இதற்கு அடையாளம். டோ மட்டும் சரிசெய்தால் போதாது. அலைன்மென்ட் கடையில் காஸ்டர் அளவையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் காஸ்டர் திருத்தும் புஷ் போட வேண்டும். உயர்த்தியதற்கு ஜேபிஜே அனுமதி இருக்கிறதா என்பதையும், வண்டியை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.