லயம்: ஓர் ஆங்கிலச் சொல்லின் மலைநாட்டு வரலாறு

ஆங்கிலத்தில் பெருவழக்கான பலபொருட் சொற்களுள் 'லைன்' ஒன்று. ஆளிச்செடியைக் குறிக்கும் 'லீனும்' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த இது, நாரிழையிலிருந்து கோடு, வரி, வரிசை, கால்வழி, இருப்புப்பாதை, மின்கம்பி, தொழில்துறை எனப் பொருள் விரிந்தது. இவற்றுட் பல தமிழ்ப் பேச்சிலும் 'லைன்' என்றே வழங்குகின்றன. ஒரு பொருள் மட்டும் தனிச்சொல்லாகப் பிரிந்தது. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

படைமுகாமில் வரிசையாக அமைந்த குடில்களை ஆங்கிலேயர் இச்சொல்லின் பன்மையால் சுட்டினர். 'போலீஸ் லைன்' என்பது அவ்வழக்கின் எச்சமாகும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் தோட்டமிட்டோர், ஒரே கூரையின்கீழ்த் தொடராகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பையும் அப்பெயராலேயே அழைத்தனர்.

தொழிலாளர் நாவில் அது 'லயன்' என்றும் 'லயம்' என்றும் திரிந்தது. னகர ஈறு மகரமானதும், 'மரத்தில்' என்பது போல 'லயத்தில்' என அத்துச்சாரியை பெற்றுத் தமிழ்ப் பெயராகவே நிலைத்தது. இலங்கை மலையகத்தில் போர்த்துக்கீசியச் சொல்லோடு கூடி 'லயன் காம்பிரா' ஆயிற்று. இடுக்கி மாவட்டத்தில் மலையாளமும் இதனை 'லயம்' என்றே கொண்டது.

தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் வண்டன்மேட்டு ஏலத்தோட்டப் பகுதியில் இச்சொல்லின் எல்லை தெளிவாகப் புலப்படும். கம்பம் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் வந்து மீளும் தொழிலாளர்க்கு வீடு வேறு, வேலைத்தலம் வேறு. லயத்தில் வாழ்வோர்க்கோ இரண்டும் ஒன்று. வீடு தோட்டத்துக்குரியது, வேலை போனால் வீடும் போகும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது, வீட்டை உரிமையாக்கவில்லை.

இதனால் 'லயம்' என்பதை 'வரிசை வீடு' எனப் பெயர்த்தால் கட்டட அமைப்பு மட்டுமே எஞ்சும். 'குடியிருப்பு' எனின் அதுவும் மறையும். இசையின் லயமாகவோ குதிரை லாயமாகவோ கொள்வது ஒலியொப்புமையால் நேரும் பிழை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்கள் ஏன் அவ்விடத்தில் வாழ்ந்தனர் என்பதற்கு விடையின் ஒரு பகுதி அச்சொல்லிலேயே உள்ளது.

பிறமொழிச் சொல் என்பதனால் களையத்தக்கதன்று லயம். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தொழிலாளர் தம் பட்டறிவால் வேறுபிரித்த சொல் அது. மொழிபெயர்ப்பிலும் அகராதியிலும் அவ்வாறே இடம்பெறுதல் வேண்டும்.