பேருந்து கேட்ட பெற்றோர்: கிளாரண்டன் வட்டாரப் பள்ளிகளின் வரலாறு

சிற்றூர்ப் பள்ளி ஒன்று தேர்வில் பின்தங்கினால் பழி முதலில் மாணவர்மீது விழும். அடுத்து ஆசிரியர்மீதும் அதன்பின் பெற்றோர்மீதும் விழும். அந்தப் பள்ளிக்கு இத்தனை ஆண்டுகளாக என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கு விடை தரும் இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிளாரண்டன் வட்டாரம்.

பருத்தி விளையும் ஏழை நாட்டுப்புறம் அது. அன்று மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருந்தனர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்பதே அங்கு அன்றைய சட்டம். இனவாரியாகப் பிரித்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1896ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 1949-50ஆம் கல்வியாண்டில் வெள்ளைப் பிள்ளை ஒருவருக்கு 179 டாலர் செலவிடப்பட்டது. கறுப்பினப் பிள்ளைக்குக் கிடைத்தது 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை.

சம்மர்ட்டன் என்னும் சிற்றூரில் இருந்த ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளிக்குப் பிள்ளைகள் பல மைல் நடந்தே வந்தனர். பெற்றோர் தங்கள் கைப்பணத்தைச் சேர்த்து ஒரு பழைய பேருந்தை வாங்கினர். அது அடிக்கடி பழுதானது. எரிபொருளுக்காவது உதவுங்கள் என்று கேட்டபோது கல்வி வாரியம் கைவிரித்துவிட்டது. ஆசிரியரும் சபைப் போதகருமான ஜோசப் டிலேய்ன் கொடுத்த ஊக்கத்தால் லீவை பியர்சன் என்னும் விவசாயி 1948ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அவர் நிலவரி செலுத்துவது வேறு பள்ளி மாவட்டத்தில் என்று காரணம் காட்டப்பட, வழக்கு நிலைக்கவில்லை. அதோடு முடிந்ததா? கடைக்காரர் அவருக்குக் கடன் தர மறுத்தனர். அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு விட எவரும் முன்வரவில்லை. விளைந்த பயிர் வயலிலேயே வீணானது.

பெற்றோர் அஞ்சி ஒதுங்கிவிடவில்லை. 1949ஆம் ஆண்டு நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டனர். இப்போது அவர்கள் கேட்டது பேருந்து மட்டுமன்று. கட்டடம், ஆசிரியர், பாடநூல் என அனைத்திலும் சமத்துவம் கேட்டனர். பட்டியலில் முதல் பெயர் ஹாரி பிரிக்ஸ் என்பதால் அது 'பிரிக்ஸ் எதிர் எலியட்' வழக்கு என்று பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றிய பிரிக்ஸ், பெட்ரோல் நிலையத்தில் செய்துவந்த வேலையை இழந்தார். அவருடைய மனைவி எலைசாவின் வேலையும் பறிபோனது. டிலேய்னின் வீடு 1951ஆம் ஆண்டில் தீக்கிரையானது. வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று கூறித் தீயணைப்புப் படையினர் பார்த்துக்கொண்டு நின்றனர். 1955ஆம் ஆண்டில் அவருடைய தேவாலயமும் எரிக்கப்பட, அவர் மாநிலத்தை விட்டே வெளியேறினார்.

பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் இந்த வழக்கை நடத்தினார். 1951ஆம் ஆண்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று வேட்டிஸ் வேரிங் என்ற நீதிபதி மட்டும் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்று மற்ற நான்கு வழக்குகளோடு சேர்ந்தது. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் 'பிரவுன்' தீர்ப்பு வெளிவந்தது. இனப் பிரிவினைப் பள்ளிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அறிவிக்கப்பட்டது. உலகமே பேசிய அந்தத் தீர்ப்பின் வேர் ஒரு பேருந்துக் கோரிக்கையில் இருந்தது.

வெற்றி வந்ததும் பள்ளிகள் மாறிவிட்டனவா? இல்லை. சம்மர்ட்டனில் 1965ஆம் ஆண்டு வரை ஒருவரோடு ஒருவர் அமர்ந்து படிக்கும் நிலை தொடங்கவேயில்லை. தொடங்கியபோது வெள்ளைக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டன. பொதுப் பள்ளியில் எஞ்சியோர் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். வசதியுள்ளோரின் பிள்ளைகள் படிக்காத பள்ளிக்கு வரி கொடுக்க வசதியுள்ளோர் முன்வருவது அரிது. அமெரிக்காவில் பள்ளிச் செலவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. தொழிற்சாலையும் கடைத்தெருவும் குறைந்த சிற்றூரில் வரி வருமானமும் குறைவு. சம்பளம் குறைந்தால் தேர்ந்த ஆசிரியர் நகரத்துக்குச் செல்வார். ஆசிரியர் நிலைக்காத இடைநிலைப்பள்ளியில் அடைவுநிலை எப்படி உயரும்?

இதே கேள்வியோடு 1993ஆம் ஆண்டில் தென் கரோலினாவின் ஏறத்தாழ 40 ஏழைப் பள்ளி மாவட்டங்கள் மாநில அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. குறைந்த அளவிலேனும் போதுமான கல்வி பெறும் வாய்ப்பை மாநிலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தர வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1999ஆம் ஆண்டில் கூறியது. அந்த வழக்கின் நெடிய விசாரணை கிளாரண்டன் வட்டாரத்தின் தலைநகரான மேனிங்கில் நடந்தது. பழுதடைந்த கூரைகளும் ஆசிரியர் பற்றாக்குறையும் அங்கே சாட்சியங்களாயின. 2014ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளி மாவட்டங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. எனினும் 2017ஆம் ஆண்டில் தன் மேற்பார்வையை முடித்துக்கொண்டு வழக்கை மூடிவிட்டது. வழக்குத் தொடுத்த ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வருவதற்குள் பள்ளியை முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளாரண்டனின் சிறு பள்ளி மாவட்டங்கள் பின்னர் ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைக்கப்பட்டன.

நீதிமன்றம் கதவைத் திறக்கலாம். உள்ளே விளக்கேற்றுவது ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணமும், ஊரிலேயே தங்கிக் கற்பிக்கும் ஆசிரியரும், பொதுப் பள்ளியைத் தம் பள்ளியாகக் கருதும் ஊர் மக்களுமே. தேர்வு முடிவு என்பது மாணவனின் அறிவை மட்டும் காட்டும் கண்ணாடியன்று. அவனுக்கு என்ன கொடுக்கப்பட்டது, என்ன மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே அது காட்டுகிறது. இதை உணராமல் சிற்றூர்ப் பிள்ளையைக் குறை கூறுவது, நீர் பாய்ச்சாமல் பயிரைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.