சுவருக்குள்ளே ஏழு இழை

கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் குசினிச் சுவரைக் கொத்தினால், இன்றைக்குக் கடையில் கிடைக்காத ஒரு வயர் சில வேளை வெளியே வரும். கறுத்து வெடித்த ரப்பர் உறை, உள்ளே வெள்ளீயம் பூசிய செம்பு இழை ஏழு. 7/.044 என்பது அதன் அளவு. ஏழு இழை, ஒவ்வொன்றும் அங்குலத்தில் ஆயிரத்தில் 44 பங்கு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.9 சதுர மில்லிமீற்றர். லைட்டுக்கு ஒற்றை இழை போதும், பிளக் பேஸுக்கு 7/.029. குசினிக்கு அந்தத் தடித்த ஏழு இழை போயிருந்தால் அங்கே ஒருகாலம் மின்சார அடுப்பு இருந்திருக்கிறது. எனக்கு வயரிங் பழக்கிய மாஸ்டர் வீட்டின் கதையை இப்படித்தான் வாசிப்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

அந்த அடுப்புக்கு மின்சாரம் வந்த கதை இது: பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் நீர்மின்சாரத்தைப் பற்றிக் கட்டுரை படித்தார். நாடு கேட்டது மெதுவாகத்தான். லக்ஸபான நீர்மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அதற்கு முன் கொழும்புக்கு 1929இல் வந்த ஸ்டான்லி மின்நிலையம்தான் துணை. அந்தக் காலத்து வசதியான வீடுகள் இங்கிலாந்து அடுப்பை வாங்கின. அடுப்போடு இங்கிலாந்துக் கணக்கும் வந்தது.

அந்தக் கணக்கைச் சொல்லத்தான் வேண்டும். 12 கிலோவொட் அடுப்பு 230 வோல்ட்டில் 52 அம்பியர் இழுக்கும். ஆனால் எல்லாத் தட்டும் ஓவனும் ஒரே நேரத்தில் முழுச்சூட்டில் நிற்காது என்பது விதியை எழுதியவர்களின் நம்பிக்கை. ஆகவே முதல் 10 அம்பியர் முழுதாக, மிச்சத்தில் 30 வீதம், பக்கத்தில் பிளக் பேஸ் இருந்தால் இன்னுமொரு 5. கூட்டினால் 28க்குக் கிட்ட வரும். 30 அம்பியர் பியூஸ் போதும் என்றார்கள்.

எங்கள் குசினியில் சோறும் பருப்பும் இரண்டு கறியும் ஒன்றாக அடுப்பில் இருக்கும். வெயில் வேறு. வயர் தாங்கும் அளவைச் சொல்லும் அட்டவணைகள் 30 பாகைச் சூட்டுக்கு எழுதப்பட்டவை. குழாய்க்குள் போகும் 4 சதுர மில்லிமீற்றர் வயர் அந்தச் சூட்டில் 32 அம்பியர் தாங்கும். சூடு 40 பாகைக்கு ஏறினால் 28தான். 6 சதுர மில்லிமீற்றர் என்றால் அதே சூட்டிலும் 35 தாங்கும். மேற்கு வெயில் முழுக்க விழும் வெள்ளவத்தைச் சுவர்களுக்குள் 4ஐ நம்பி 32 அம்பியர் பிரேக்கர் போடக்கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். பழைய ஏழு இழையைப் போட்டவர்கள் தாராளமாகத்தான் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

பிறகு காஸ் சிலிண்டர் வந்தது. தடித்த வயரைக் கழற்றினார்கள், அல்லது நுனியைச் சுற்றி டேப் ஒட்டிச் சுவருக்குள் விட்டார்கள். வெள்ளவத்தையில் மாடி மாடியாக எழும்பிய ஃபிளாட்டுகளில் நான் வேலை செய்தவை பெரும்பாலும் காஸை நம்பிக் கட்டியவை. குசினிக்கு 2.5 சதுர மில்லிமீற்றரில் ஒரு லைன், 20 அம்பியர் பிரேக்கர், அவ்வளவுதான்.

2022இல் அந்த நம்பிக்கை உடைந்தது. முந்திய ஒக்டோபர் வரை 1,500 ரூபாவுக்குள் இருந்த 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. சனம் இன்டக்‌ஷன் அடுப்பும் ஹொட் பிளேட்டும் வாங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் எல்லாம் ஒன்றாக ஓடின: இன்டக்‌ஷன் 8.7 அம்பியர், கேத்தல் அதே அளவு, ஹொட் பிளேட் 6.5, ரைஸ் குக்கர் 3. மொத்தம் 27. ஒரே நேரத்தில் எல்லாம் எரியாது என்ற அந்தப் பழைய நம்பிக்கைக்கு அங்கே இடமே இல்லை.

“தம்பி, அந்தச் சின்னப் பிரேக்கரைக் கழட்டிப்போட்டு முப்பத்திரண்டு ஒண்டு போட்டு விடுங்கோவன்” என்று ஹம்டன் லேன் பக்கத்து அன்ரி ஒருவர் கேட்டார். “அன்ரி, பிரேக்கர் அடுப்பைக் காக்கிறதில்லை. சுவருக்குள்ள இருக்கிற வயரைத்தான் காக்குது” என்றேன். 32 அம்பியர் பிரேக்கர் 46 அம்பியரை ஒரு மணி நேரம் வரை விட்டுப் பிடிக்கலாம். அந்த 2.5 வயருக்கு 24தான் கணக்கு. உறை இளகுவது வெளியே தெரியாது. அவர் கோபிக்கவில்லை; புது லைன் இழுக்கச் சம்மதித்தார்.

ட்ரிப் சுவிட்சையும் யாரும் குறைத்து நினைக்கக்கூடாது. எங்கள் வீடுகளுக்குத் தனித்தனி ஏர்த் கம்பி. மண்ணின் தடை 10 ஓம் என்றால், அடுப்பின் உடலில் கரண்ட் ஏறினாலும் 23 அம்பியர்தான் ஓடும். 30 அம்பியர் பியூஸ் அசையாது. 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச்தான் அங்கே உயிர் காக்கும்.

ஃபிளாட் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டைல்ஸ் நிறத்தைப் பார்க்க முன் மெயின் போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். குசினிக்கென்று தனியாக 6 சதுர மில்லிமீற்றர் லைனும் 32 அம்பியர் பிரேக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சுவர் பூச முன் போடச் சொல்லுங்கள்.