வெட்டிவேர்த் தட்டி முதல் வெயில் மின்சாரம் வரை

உணவும் உடையும் போன்றே உறையுளும் மனிதனுக்கு இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் பெங்களூருக்கும் வந்து, வாடகை வீடுகளில் பல்லாண்டுகளைக் கழித்த நம்மவர்க்குச் சொந்த வீடு என்பது வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் எடுத்து வைக்கும் காரியமாகும். அந்த நாளில் வீடு விற்பவர் நம் கையில் தரும் அச்சுத் தாளில் இப்பொழுது ‘பசுமை’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. அச்சொல்லுக்காகச் சதுர அடிக்கு இவ்வளவு கூடுதல் என்றும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா? நம் நாட்டு மக்கள் இதற்கு முன் எவற்றிற்கு மனமுவந்து பணம் கொடுத்தார்கள், எவற்றை வேண்டாமென விட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கக்கூடும்.

கோடையின் கொடுமையைத் தணிக்க வட இந்தியர் கையாண்ட பழைய உபாயம் கஸ் தட்டி. கஸ் என்பது வேறொன்றுமன்று. நம் ஊர் வெட்டிவேரேயாகும். அத்தமிழ்ச் சொல்லே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அவ்வேருக்குப் பெயராக வழங்குகிறது என்பது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சிறு பெருமை. அக்பர் காலத்து நூலாகிய அயினி அக்பரியில் கஸ் வேரால் அமைந்த குளிர்ந்த அறை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அலுவலகங்களிலும் பங்களாக்களிலும் இத்தட்டி தொங்கிற்று. அதன் மீது நீர் தெளித்தால், ‘லூ’ என்னும் வறண்ட காற்று ஈர வேர்களினூடே நுழைகையில் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம் காற்றிலிருந்தே எடுக்கப்படுவதால் காற்றுக் குளிர்கிறது. நீர் தெளிக்க ஆளும் கூலியும் வேண்டும். எனினும் வசதியுள்ளோர் தயங்காமல் செலவிட்டனர். பலனை உடம்பு அக்கணமே உணர்ந்ததல்லவா? இன்று தில்லி வீட்டு ஜன்னல்களில் காணும் கூலர் இத்தட்டியின் பேரப்பிள்ளை. ஆனால் மும்பையின் ஈரக் காற்றில் அது அவ்வளவாகப் பயன்படாது. ஓர் ஊரில் பணம் பெறும் வசதி மற்றோர் ஊரில் வீண் செலவாகலாம் என்பது இவ்வரலாற்றின் முதற் பாடம்.

அடுத்து அகமதாபாத்துக்குச் செல்வோம். அந்நகரின் ‘போல்’ எனப்படும் பழைய தெருக்களில், வீட்டு முற்றத்தின் அடியில் ‘டாங்கா’ என்னும் நிலவறைத் தொட்டி கட்டியிருந்தார்கள். கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியே அதில் இறங்கும். கூரையைக் கழுவி வரும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பின்வரும் நீரையே சேர்த்து வைப்பர். ஆண்டு முழுவதும் குடிப்பதற்கு அந்நீரே உதவிற்று. வீடு கட்டும்போதே நிலத்தைத் தோண்டிச் சுண்ணம் பூசித் தொட்டி அமைப்பது சிறு செலவன்று. ஆயினும், உப்புக் கரிக்கும் கிணற்று நீருக்கு அஞ்சியவர்கள் அச்செலவைச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகராட்சிக் குழாய்த் தண்ணீர் வந்ததும் டாங்காக்கள் மெல்ல மெல்ல மறக்கப்பட்டன. தேவை உள்ளவரை மதிப்பு. தேவை மறைந்தால் மறதி.

நாடு விடுதலை பெற்றபின் விஞ்ஞானிகள் கதிரவனின் பக்கம் திரும்பினர். 1950களின் தொடக்கத்தில், புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கியது. குழிந்த கண்ணாடி போன்ற தகடு வெயிலை ஓரிடத்தில் குவிக்க, அங்கு வைத்த பாத்திரம் கொதிக்கும். விறகும் வேண்டா, கரியும் வேண்டா. செய்தித்தாள்கள் புகழ்ந்தன. எனினும் கடைக்கு வந்த அவ்வடுப்பை வாங்குவோர் மிகச் சிலரே. காரணம் எளிது. சமைப்பவர் வெயிலில் நிற்க வேண்டும். கதிரவன் நகர நகர அடுப்பைத் திருப்ப வேண்டும். பொழுது சாய்ந்தபின், குடும்பம் முழுவதும் உண்ணும் நேரத்தில், அடுப்பு உதவாது. அதை வடித்தவர்கள் வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். அடுக்களையில் உழைக்கும் பெண்ணின் பழக்கத்தைக் கணக்கிடவில்லை.

அதே கதிரவன் பெங்களூரில் வெற்றி கண்டான் என்பது வியப்புக்குரியது. 1960களில் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் சூரிய வெந்நீர்க் கருவி குறித்து ஆய்வுகள் நடந்தன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அரசு இத்துறையில் கவனம் செலுத்தியது. 1982இல் மரபு சாரா எரிசக்திக்கென மத்திய அரசில் தனித்துறை தோன்றியது. கருமை பூசிய தகட்டில் பதித்த செப்புக் குழாய்கள், மேலே கண்ணாடி மூடி, வெப்பம் வெளியேறாத தொட்டி, இவையே அக்கருவி. சூடேறிய நீர் தானே மேலெழுந்து தொட்டியை அடைவதால் பம்பு கூடத் தேவையில்லை. கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் ஆண்டு முழுவதும் குளிக்க வெந்நீர் வேண்டும், வெயிலுக்கும் குறைவில்லை. கருவி வைத்தோர்க்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா வீதம், மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடியும் கிடைத்தது. மின்வெட்டு நாட்களில் அண்டை வீட்டார் வாளியுடன் காத்திருக்க, கருவி வைத்தவர் வீட்டில் வெந்நீர் வந்தது. மொட்டை மாடிதோறும் அக்கருவி ஏறியதற்கு இவற்றைவிட வேறு விளம்பரம் வேண்டுமா?

சென்னையின் அனுபவம் வேறு விதமானது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அகமதாபாத் மக்கள் தம் தேவையால் செய்ததைச் சென்னை மக்கள் சட்டத்தால் செய்தனர். கிணற்றில் நீர் ஏறக் கண்டவர்கள் அதனைப் பேணினர். சட்டத்திற்காக மட்டும் குழாய் பதித்தவர்கள் அடுத்த மழைக்குள் மறந்தனர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பலர் அக்குழாய்களை மறுபடியும் தேடினர்.

மக்களின் மனப்போக்கை நன்கு காட்டும் மற்றொரு நிகழ்ச்சி எல்.இ.டி. விளக்கின் வரலாறு. மத்திய அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. விளக்கின் கொள்முதல் விலை 2014இல் 310 ரூபாய். 2016இல் அது 38 ரூபாயாக இறங்கியது. விலை இறங்கியதும் வீடுதோறும் பழைய குண்டு பல்புகள் மறைந்தன. இவ்வாறே, 2006ஆம் ஆண்டில் எரிசக்தித் திறன் செயலகம் கொண்டுவந்த நட்சத்திரச் சீட்டும் குளிர்பதனப் பெட்டி வாங்குவோர் கண்ணுக்கு மின்செலவை எளிதிற் புலப்படுத்தியது. எண்ணிக் காட்டக்கூடிய இலாபத்திற்கு மக்கள் பணம் தருகிறார்கள் என்பதில் ஐயமில்லை.

இனி ‘பசுமைக் கட்டடம்’ என்ற சொல்லுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டில், ஐதராபாத்தில் எழுந்த பசுமை வணிக மையக் கட்டடத்தை அந்நாளைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். இத்தகைய கட்டடங்களுக்கு நம் நாட்டில் அது ஒரு முன்னோடி. 2007இல் கிருஹா என்னும் இந்திய மதிப்பீட்டு முறை வந்தது. 2018இல் குடியிருப்புகளுக்கென ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு வெளியாயிற்று. சுவரும் கூரையும் ஜன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதை அது வரையறுக்கிறது. இவை யாவும் நற்பணிகளே. ஆயின் இடர் ஒன்று உண்டு. கட்டுவோர் செலவு செய்கிறார்; மின்கட்டணத்தில் இலாபம் அடைபவரோ குடியிருப்பவர். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத கூரைக் காப்பில் பணம் போடுவதைவிட, கண்ணுக்குத் தெரியும் புல்தரையில் பணம் போடுவது விற்பவர்க்கு எளிதாகிறது.

இதனை நாம் சொந்த அனுபவத்தால் அறிந்தோம். தலைநகரை அடுத்த ஒரு குடியிருப்பில் வீடு வாங்கியபோது, பசுமைச் சான்று பெற்றது என்ற சொல்லை நம்பிக் கூடுதல் விலை கொடுத்தோம். வரைபட நிலையில் தரும் முன்சான்று வேறு, கட்டி முடித்தபின் தரும் சான்று வேறு என்பதைப் பின்னரே அறிந்தோம். மழைநீர்க் குழிகள் மூன்றாம் ஆண்டிலேயே மண் மூடிப் போயின. மேல்தளத்து வீடாதலால் மேற்குச் சுவரும் கூரையும் மே மாதத்தில் இரவு வரை கனன்றன. ஊரிலிருந்து வந்திருந்த எம் தாயார் சுவரில் கை வைத்துப் பார்த்து, “நம்ம ஓட்டு வீடு இதைவிடக் குளுமைடா” என்றார். அச்சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. பின்னர்க் கூரைக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே மறைப்பு அமைத்தோம். கூடுதல் விலையில் ஒரு சிறு பகுதியே அதற்குச் செலவாயிற்று. குளுமையோ அதனால்தான் கிடைத்தது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய கர் திட்டத்தில், கூரைச் சூரியத் தகடுகளுக்கு 3 கிலோவாட் அளவில் 78,000 ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆனால் அடுக்குமாடியில் கூரை எல்லோர்க்கும் பொது. அதில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும்.

ஆகவே, வீடு வாங்கச் செல்லும் அன்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக. இவ்வசதி இவ்வூரின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதா? இதன் பலன் எம் மாதக் கணக்கில் தெரியுமா? ஐந்தாண்டு கழித்து இதைப் பேணுபவர் யார்? விற்பவர் தரும் விடையை எழுத்தில் பெறுவதும், விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பதும் நலம். பொய் விளம்பரத்தை நம்பி இழப்புக்கு ஆளானோர்க்கு ஈடு கோரும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் அளித்திருக்கிறது. தட்டிக்கும் டாங்காவுக்கும் பணம் கொடுத்த நம் முன்னோர் ‘பசுமை’ என்ற சொல்லை அறியார். குளிர்ந்த காற்றையும் குடிநீரையும் அறிந்திருந்தனர். அவற்றையே நாமும் கேட்டு வாங்குவோமாக.